ஹாங்கர் தரப்படமாட்டாது

வியாழக்கிழமை, மாலை 5.40.

மரிவிக் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டாள். சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் ஹாங்கர் இருந்தது. ஹாங்கரில் இருக்க வேண்டிய மஞ்சள் நைட்டி இல்லை.

கீழே விழுந்திருக்கும் என்று தரையைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். விற்றுப்போன துணிகளின் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு முகக்கவசம்கூட இல்லாமல் வாசலுக்கு ஓடி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"யாராவது வாங்களேன்! என் தங்கச்சியைக் காணோம்!"

அவள் தங்கை லிகாயா போன வருஷம் ஏப்ரல் பத்தாம் தேதி கொரோனாவில் போய்ச் சேர்ந்தது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஊரடங்கை மறந்து ஆளாளுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

5.52க்குத் தெரியோ வந்து சேர்ந்தார். தெருமுனைத் தடுப்புக்குப் பொறுப்பானவர், 'பரங்காய்' எனும் வட்டார மன்றத்தின் காவலர். வயது ஐம்பத்தெட்டு. கழுத்தில் விசில், இடுப்பில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. ஊரடங்குக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் மணிலா பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பாதி வழியில் ஏறி, டிக்கெட்டில் கண்டக்டர் போட்ட துளைகளை மட்டும் பார்ப்பார். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் கண்டக்டர் வேலையை விட்டு இறங்க வேண்டியதுதான். பஸ் ஓடாததால் இப்போது எங்கள் தெருவின் பாஸ்களைப் பார்க்கிறார்.

"எல்லாரும் உள்ள போங்க. ஆறு மணிக்கு மேல எவன் தலை தெரிஞ்சாலும் பேர் எழுதிடுவேன்," என்றார். கூட்டம் கலைந்தது. எதிர்வீட்டு சலோமே மட்டும் ஜன்னலோடு நின்றுகொண்டாள். ஜன்னலுக்கு ஊரடங்கு இல்லை.

தெரியோ அறையைப் பார்த்தார். தைத்தாய் என்ற ஊரின் துணிச்சந்தையில் மரிவிக்கும் லிகாயாவும் நடத்திய கடையே அப்படியே இடம்பெயர்ந்து இந்த முன்னறைக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு சுவர் நிறைய நைட்டிகள். நடுவே நாற்காலி, அதற்கு எதிரே கைபேசி மாட்டும் வட்ட விளக்கு. தினமும் மூன்று மணிக்கு மரிவிக் அதற்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு நைட்டியாகத் தூக்கிக் காட்டுவாள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் முதலில் 'எனக்கு' என்று எழுதுபவருக்கு அது போகும். நாற்காலிக்குப் பின்சுவரில் இரண்டே பொருள்கள். ஒன்று, சந்தையிலிருந்து கழற்றி வந்த பழைய பலகை: 'ஹாங்கர் தரப்படமாட்டாது'. இன்னொன்று, அந்த மஞ்சள் நைட்டி தொங்கிய ஆணி.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"நாலு நாப்பதுக்கு லைவ் முடிச்சேன். அப்ப இருந்தது. வீடியோலகூட இருக்கும்."

"அப்புறம்?"

"பூட்டினேன். சாவி இதோ, என் கழுத்துல. சமைக்கப் போனேன்."

"இன்னொரு சாவி?"

மரிவிக் கணவன் நெஸ்தோரைப் பார்த்தாள். நெஸ்தோர் ஜீப்னி என்ற சிற்றுந்தின் ஓட்டுநர். ஒரு வருஷமாக வண்டி வீட்டு முன்னால் நிற்கிறது, இவர் வீட்டுக்குள் பார்சல் கட்டுகிறார். இரண்டாவது சாவி அவரிடம்தான் இருந்தது.

"என்னைப் பார்த்தா? தங்கச்சி துணியை நான் எடுத்து என்னடி பண்ணப்போறேன், போட்டுக்கவா?"

"மூணு பேர் அதுக்கு நல்ல விலை சொன்னாங்க. நீதான் 'குடுத்துடேன்'ன்னே."

"சொன்னேன். சொன்னதுக்குத் தூக்குல போடு."

தெரியோ இருவருக்கும் நடுவே கையை நீட்டினார். "அந்தத் துணியில அப்படி என்ன விசேஷம்? அதைச் சொல்லு முதல்ல."

மரிவிக் மூக்கை உறிஞ்சினாள். "லிகாயா கடைசியாத் தைச்சது அண்ணே. ஓரம் தைச்சிக்கிட்டு இருந்தப்பதான் இருமல் அதிகமாச்சு. ஊசியைத் துணியிலயே குத்திட்டு, 'வந்து முடிக்கிறேன்'னுட்டு ஆம்புலன்ஸ்ல ஏறினா. ஆஸ்பத்திரி வாசல்லயே என்னை நிறுத்திட்டாங்க. திரும்பி வந்தது ஒரு ஜாடி சாம்பல். முகம் பார்க்கல. வீட்டுல வைச்சு ஒரு ராத்திரி கண்ணு முழிக்கல. ஒருத்தருக்கு ஒரு காபி கொடுக்கல. நாளை மறுநாள் வருஷம் முடியுது. அன்னிக்குத் துக்கம் கழட்டணும்ல? அவ விட்ட இடத்துல இருந்து அந்த ஓரத்தை நான் தைச்சு முடிக்கணும்னு வைச்சிருந்தேன். அப்பதான் அவளை அனுப்பி வைச்ச மாதிரி இருக்கும் எனக்கு."

அவள் இடது மார்பில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டி குத்தியிருந்தது. செத்தவர்களுக்காக ஒரு வருஷம் குத்திக்கொண்டு, வருஷ முடிவில் கழற்றுவது. அந்த வருஷம் எங்கள் ஊரில் பட்டி இல்லாத சட்டையைத்தான் தேட வேண்டியிருந்தது.

"எப்படி இருக்கும் துணி?"

"மஞ்சள். வெள்ளைப் பூ. கழுத்துல லேஸ் வைச்சது. வீட்டுல கிடக்கிற நைட்டிக்கு எவளாவது லேஸ் காலர் வைப்பாளா? அப்பவே திட்டினேன். சிரிச்சிக்கிட்டே இருந்தா."

தெரியோ ஆணிக்கு அருகில் போனார். ஹாங்கரைத் தொடாமல் சற்று நேரம் பார்த்தார்.

"சந்தையில துணி வாங்குறவங்களுக்கு ஹாங்கர் கொடுப்பியா?"

"கிட்னி வேணும்னா கேளுங்க அண்ணே, தரேன். ஹாங்கர் தரமாட்டேன். எங்க சந்தையில யாருமே தரமாட்டாங்க. துணியைக் கழட்டு, ஹாங்கரைத் திரும்ப மாட்டு. தூக்கத்துல எழுப்பிச் சொன்னாலும் கை அதைத்தான் செய்யும்."

"சரி. வீடியோவைப் போடு."

அன்றைய லைவ் ஒரு மணி நாற்பது நிமிஷம். தெரியோ அதை நின்றுகொண்டே பார்த்தார். 3.22க்கு மரிவிக் பின்சுவரைக் காட்டி, சனிக்கிழமை அந்த ஓரத்தைத் தைத்து முடிக்கப்போவதாகச் சொன்னாள். கீழே இதயங்கள் பறந்தன. 3.25க்கு முகப்படம் இல்லாத ஒருவர் எழுதினார்: 'தைக்காதீங்க அக்கா.'

"யார் இது?"

"தினமும் வர ஆளு. லைவ் ஆரம்பிச்சதும் தொங்குற அந்த நைட்டிக்கு 'எனக்கு'ன்னு எழுதும். 'இது விக்கிறதுக்கு இல்ல சாமி'ன்னு நான் சொல்லுவேன். மறுநாளும் எழுதும். ஏதோ தனியா இருக்கிற ஜீவன்னு விட்டுட்டேன்."

தெரியோ படத்தை நிறுத்தி, பின்சுவர் ஹாங்கரை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு சுவரில் இருந்த ஹாங்கரைப் பார்த்தார்.

"வீடியோல கொக்கியோட வாய் கதவுப் பக்கம் இருக்கு. இப்ப ஜன்னல் பக்கம் இருக்கு."

"எங்க ஹாங்கர் எல்லாமே கதவுப் பக்கம்தான் இருக்கும். தீப்பிடிச்சா ஒரே அள்ளா அள்ளணும்ல? பழக்கம்."

ஜன்னல் தெருச்சுவரிலேயே இருந்தது, கேட்டிலிருந்து நான்கு எட்டு தள்ளி. ஏப்ரல் வெயிலுக்காக அதன் கதவு திறந்தே கிடந்தது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. ஆணியோ எட்டடி தூரத்தில். கம்பிகளில் ஒரு வருஷத் தூசி படிந்திருந்தது, நடுவில் இரண்டு கம்பிகளில் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது.

தெரியோ குறிப்பேட்டைத் திறந்து 4.40க்கும் 5.40க்கும் இடையில் தடுப்பைத் தாண்டியவர்களைப் பார்த்தார். தண்ணீர் கேன் வண்டி, உள்ளே 4.45, வெளியே 4.52. பார்சல் ரைடர், உள்ளே 4.58, வெளியே 5.14. அவ்வளவுதான். மற்றவர்கள் தெருவுக்குள்ளேயே அடைபட்டவர்கள்.

"நெஸ்தோர், அஞ்சு மணிக்கு நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"பாத்திரம் கழுவினேன்."

"பாத்திரத்துக்குக் காதல் பாட்டா பாடினே? அஞ்சு பத்துக்கு எனக்குப் புகார் வந்தது. ஊரடங்குல கரோக்கே கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு, உன் ஜீப்னி மேலயேதான் ஒட்டியிருக்கு."

மரிவிக் கணவனைப் பார்த்த பார்வையில் கரோக்கே பெட்டி அன்றைக்கே விற்பனைக்கு வந்தது போல் இருந்தது.

"ஒரே ஒரு பாட்டு," என்றார் நெஸ்தோர். "இல்ல, மூணு."

"அதுக்கு முன்னாடி?"

"நாலு அம்பதுக்கு சலோமே டேப் கேட்டு வந்தா. கொக்கிக்கழியில மாட்டி நீட்டினேன்."

"கொக்கிக்கழியா?"

"சந்தையில மேல தொங்குற துணியை எடுக்குறது. பத்தடி. இப்ப எதுக்கு இருக்கு, யாரும் கேட்டுக்குள்ள வரக்கூடாதே, அதுல மாட்டித்தான் எல்லாம் கேட்டுக்கு மேல குடுக்குறோம். பார்சல் மூட்டையும் அப்படித்தான்."

"ரைடருக்கு நீட்டினே. அப்புறம்?"

நெஸ்தோர் தலையைச் சொறிந்தார். "என் பாட்டு நம்பர் வந்துடுச்சு அண்ணே. அவன் கழியைப் பிடிச்சிக்கிட்டான், நான் உள்ள ஓடிட்டேன். அப்புறம் போய்ப் பார்த்தா கழி வெளிப்பக்கம் கேட்டுல சாஞ்சிருந்தது. எடுத்து உள்ள வைச்சேன்."

"வெளிப்பக்கம்," என்று தெரியோ எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, காலை 9.00.

சலோமே தன் வாசலிலேயே விசாரணைக்குத் தயாராக நின்றாள். அவளும் சந்தைக்காரிதான். மரிவிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி நைட்டி விற்றவள். இப்போதும் விற்கிறாள், எதிர்வீட்டிலிருந்து, அதே கைபேசியில். இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் டேப் அளவுக்குத்தான்.

"என்னைத்தானே சந்தேகப்படுறீங்க?"

"உனக்கும் கொக்கிக்கழி இருக்கு. அந்த மாதிரி கழுத்து வெட்டு உனக்கு வரலைன்னும் ஊர்ல பேச்சு இருக்கு."

"வரலைதான். அதுக்காக? அண்ணே, அது ஒரு வருஷமா தினமும் கேமரா முன்னாடி தொங்குது. வேணும்னா போட்டோ எடுத்துக்கிட்டு வெட்டியிருக்க மாட்டேனா? திருடணும்னா வெட்டைத் திருடுவேன், துணியை எதுக்குத் திருடுறேன்?"

"அஞ்சு மணிக்கு எங்க இருந்தே?"

"லைவ்ல. அஞ்சுல இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் நானூறு பேர் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இதைவிடப் பெரிய சாட்சி கோர்ட்டுல கிடைக்குமா?" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "லிகாயா நல்ல பொண்ணு அண்ணே. கடைசி மாசம் அவ முகமே வேற மாதிரி இருந்தது. மதிய சாப்பாட்டுக்கு எங்கேயோ போவா, ஒரு மணி நேரம் கழிச்சு வருவா. கேட்டா சிரிப்பா. மரிவிக்குக்கு அதெல்லாம் தெரியாது, வியாபாரத்துல கண்ணு."

காலை 10.15.

மரிவிக் அறையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு லைவ் உண்டா?"

"உண்டு. அரிசி வாங்கணுமே." அவள் ஒரு நைட்டியை மடித்தாள். "ஊரடங்கு போட்டவங்களை நான் திட்டமாட்டேன் அண்ணே. போடலைன்னா இன்னும் எத்தனை லிகாயா போயிருப்பாளோ. ஆன்லைனையும் திட்டமாட்டேன். சந்தையில இருந்தப்ப என் துணி தைத்தாயைத் தாண்டலை, இப்ப தாவாவோ போகுது, துபாய் போகுது. ஆனா சொல்லுறேன் கேளுங்க. சந்தையில ஒரு நாளைக்கு இருநூறு பேர் என் துணியைக் கசக்குவாங்க. இழுத்துப் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க, 'சாயம் போகுமா'ன்னு என்கிட்ட சண்டை போடுவாங்க. எரிச்சலா இருக்கும். இப்ப ஒரு வருஷமா என் துணியைத் தொட்டுப் பார்த்து ஒருத்தர் வாங்கலை. இதயம் பறக்குது, இதயம். அதைப் பிடிச்சு உலையில போட முடியுமா? அந்தச் சண்டைக்காக ஏங்குறேன் அண்ணே, வெட்கத்தை விட்டுச் சொல்றேன். யாராவது வந்து 'இது நூத்தம்பதா, அநியாயம்'ன்னு என் முன்னாடி நின்னு கத்தினா போதும்."

"தினமும் வர்ற ரைடர்கூட முன்னாடி நிக்கிறானே?"

"அவனா? ஹெல்மெட், அதுக்குள்ள முகக்கவசம், அதுக்கு மேல கண்ணாடி. ஒரு வருஷமா வர்றான், நேர்ல மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா தெரியாது. நல்ல பையன். 'சாப்பிட்டீங்களா அக்கா'ன்னு மட்டும் கேட்பான். வேற ஏரியா குடுத்தாங்களாம், வேணாம்னுட்டானாம்."

தெரியோ எழுந்துகொண்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானும் இங்க இருக்கேன். உன் புருஷன் பாடாம இருக்கட்டும்."

மாலை 4.57.

தெருமுனைத் தடுப்பில் பார்சல் ரைடர் வந்து நின்றான். தெரியோ அவன் நெற்றியில் துப்பாக்கியைக் காட்டினார். முப்பத்தாறு புள்ளி நான்கு. அடையாள அட்டை வாங்கிப் பார்த்தார். ஃபாபியான் மகாலோங், வயது நாற்பத்திரண்டு. நீல நிறுவனச் சட்டை, வெயிலில் வெளுத்தது. இடது மார்பில் கறுப்புப் பட்டி.

"யாருக்கு?"

"வேண்டியவங்களுக்கு ஐயா."

"எப்போ?"

"நாளைக்கு வருஷம் முடியுது."

"போ," என்றார் தெரியோ. ரைடர் முதல் வளைவில் திரும்பியதும், தடுப்பைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு கொல்லைச் சந்து வழியாக நடந்தார். மரிவிக் வீட்டு கேட்டுக்குள் அவர் நின்றபோது மணி 5.03.

மற்ற வாசல்களை முடித்துக்கொண்டு 5.05க்கு பைக் வந்து நின்றது. நெஸ்தோர் கொக்கிக்கழியில் மூட்டையை மாட்டி கேட்டுக்கு மேலே நீட்டினார். ரைடர் இரண்டு கையாலும் வாங்கினான். மூட்டையை வண்டிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, காலிப் பையை மடித்து, கொக்கியில் மாட்டி, மாட்டியது சரிதானா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"சாப்பிட்டீங்களா அக்கா?" என்றான்.

தெரியோ அவன் சட்டையைப் பார்த்தார். இடது மார்பில் கறுப்புப் பட்டி இல்லை. அது இருந்த இடத்தில், விரல் நீளத்துக்கு, வெளுக்காத கடல் நீலம். அதன் இரு முனைகளிலும் இரண்டு சின்னத் துளைகள்.

"தம்பி, கொஞ்சம் நில்லு," என்றார். "எட்டு நிமிஷத்துக்கு முன்னாடி உன் நெஞ்சுல ஒரு பட்டி இருந்தது. எங்க போச்சு?"

ரைடர் கையைக் கொண்டுபோய் மார்பை மூடினான். எதிர்வீட்டு ஜன்னலில் சலோமே லைவை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"மரிவிக், துணியை எடுத்தது இவன்தான்," என்றார் தெரியோ.

"அண்ணே, என்ன சொல்றீங்க? அவன் ஒரு நாள்கூட கேட்டைத் தாண்டினது இல்லையே!"

"தாண்ட வேண்டாம். நேத்து உன் புருஷன் பாட்டுக்கு ஓடினான், கழி இவன் கையில. ஜன்னல் நாலு எட்டு. பத்தடிக் கழி, எட்டடி தூரத்துல ஆணி. ஹாங்கரோட தூக்கி, பக்கவாட்டுல திருப்பி கம்பிக்கு நடுவுல இழுத்தான். கம்பித் தூசியே சொல்லுது. இதுவரைக்கும் எவன் வேணும்னாலும் செய்யலாம். ஆனா திருடன் ஹாங்கரோட ஓடியிருப்பான், இல்ல தெருவுல வீசியிருப்பான். இவன் துணியைக் கழட்டிட்டு, ஹாங்கரைத் திரும்ப கழியில மாட்டி, ஆணியில கொண்டுபோய் வைச்சிருக்கான். ஜன்னல்ல இருந்து வைச்சதால கொக்கி வாய் திரும்பிடுச்சு. திருடுற நேரத்துல ஹாங்கரைத் திருப்பி மாட்டுறவன் யாரு? உங்க சந்தையில கை பழகினவன். இந்தத் தெருவுல உன்னை விட்டா சந்தை ஆள் சலோமே மட்டும்தான். சலோமே நானூறு பேர் முன்னாடி உட்கார்ந்திருந்தா. இன்னொரு சந்தை ஆள் யாருன்னுதான் நேத்து எனக்குப் புரியல."

அவர் ரைடர் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் எல்லார் நெஞ்சுலயும் பட்டி இருக்கு. அதனால யாரும் பார்க்கிறதில்ல, நானும் பார்க்கலை. நான் பஸ்ல துளையைப் பார்த்தே பிழைச்சவன் தம்பி. ஊரெல்லாம் குத்திக்கிட்டுப் போறே. தடுப்புல என்கிட்டகூட மறைக்கலை. இந்த ஒரே ஒரு வாசலுக்கு மட்டும் கழட்டிட்டு வர்றே. ஏன்? இந்த வீட்டுல மட்டும்தான் 'யாருக்கு'ன்னு கேட்டா உன்னால பதில் சொல்ல முடியாது."

ரைடர் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணாடியைக் கழற்றினான். சற்றுத் தயங்கி முகக்கவசத்தையும் இறக்கினான்.

மரிவிக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ... ரெண்டாம் வரிசையில தள்ளுவண்டி இழுப்பியே. ஃபாபியான்! எங்க துணிக்கட்டெல்லாம் நீதானே கொண்டுவருவே?"

"ஆமாக்கா."

"ஒரு வருஷமா வர்றே, ஒரு வார்த்தை சொல்லலையே?"

"என்னன்னு சொல்றது?" அவன் ஹெல்மெட்டை வண்டி மேல் வைத்தான். "ஜூன்ல கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தோம். நகரசபைல போய்க் கையெழுத்துப் போட்டா போதும்னா. அந்த மஞ்சள் துணி நான் கொண்டுவந்த கட்டோட கடைசித் துண்டு. அதுல தனக்குன்னு தைக்கிறேன்னா. 'இதைத் தைச்சு முடிச்சதும் போட்டுக்கிட்டு அக்கா முன்னாடி போய் நிக்கிறேன். லேஸைப் பார்த்ததும் கல்யாணத் துணின்னு அக்காவுக்கே புரிஞ்சிடும்'னா. அதுக்குள்ள சந்தையை மூடிட்டாங்க. அவ போனதே எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். நான் யாருன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கிறது? வந்தாலும் பாஸ் கிடையாது. அதனாலதான் இந்த வேலையில சேர்ந்தேன். இந்தத் தெருவுக்கு வரலாமே."

ஒரு வருஷமாகத் தன் தலைக்குப் பின்னால் தொங்கியது என்ன என்று மரிவிக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஊருக்கே காட்டினாள், தங்கை சொல்ல நினைத்ததைத் தான் மட்டும் பார்க்கவில்லை.

"தினமும் 'எனக்கு'ன்னு எழுதினது..."

"நான்தான். விக்கமாட்டீங்கன்னு தெரியும். 'விக்கிறதுக்கு இல்ல சாமி'ன்னு நீங்க சொல்லுறப்ப அவ குரல் மாதிரியே இருக்கும், அதுக்காக எழுதுவேன். நேத்து ஓரத்தைத் தைச்சு முடிக்கப்போறேன்னீங்க. அந்த ஊசி அவ கை வைச்ச இடத்துல நிக்குது. அதை உருவிட்டா அப்புறம் எனக்குன்னு..." அவன் பைக் பெட்டியைத் திறந்து, அடியில் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததை எடுத்தான். மஞ்சள் துணி. ஓரத்தில் ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. அதைக் கொக்கிக்கழியில் மாட்டினான். நெஸ்தோர் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டார்.

தெரியோ குறிப்பேட்டை எடுத்தார். "திருட்டு திருட்டுதான். மரிவிக், நீ சொன்னா போலீஸுக்கு எழுதுவேன். இவன் வேலை போயிடும். சொல்லு."

மரிவிக் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். லேஸ் காலரை விரலால் நீவினாள்.

"என்கிட்டகூட சொல்லலை பாருங்க, கழுதை," என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிறகு ஃபாபியானைப் பார்த்தாள். "போலீஸ் வேணாம். நீ அந்தப் பட்டியை எடுத்துக் குத்திக்கோ. என் வாசல்லதான் அது இருக்கணும். நாளைக்கு இதே நேரத்துக்கு வா. எனக்கும் உனக்கும் ஒரே நாள்தானே. சேர்ந்து கழட்டுவோம்."

சனிக்கிழமை, மாலை 5.05.

பூசை காலையில் கைபேசியிலேயே முடிந்திருந்தது. விருந்தாளி யாருமில்லை. ஆயினும் மரிவிக் பெரிய சட்டியில் பன்சித் நூடுல்ஸ் கிண்டி, தெருவில் ஒவ்வொரு கேட்டுக்கு மேலேயும் கழியில் மாட்டி அனுப்பியிருந்தாள். சலோமேவுக்கு இரண்டு பங்கு. தெரியோ இரண்டு மீட்டர் தள்ளி நின்று இடைவெளியைக் கண்காணித்தார். அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம் மரிவிக், அந்தப் பக்கம் ஃபாபியான். அவள் பட்டியைக் கழற்றினாள். அவனும் கழற்றினான். அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

பிறகு அவள் உள்ளே போய், கொக்கிக்கழியைத் தானே எடுத்து வந்து கேட்டுக்கு மேலே நீட்டினாள். நுனியில் ஹாங்கரோடு மஞ்சள் நைட்டி காற்றில் ஆடியது.

"ஓரத்தை நான் தைக்கலை," என்றாள். "ஊசி அப்படியே இருக்கு. கை பத்திரம்."

ஃபாபியான் துணியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அடுத்த நொடியே அவன் இன்னொரு கை, தன்னைக் கேட்காமலே, வெறும் ஹாங்கரைத் திரும்பக் கொக்கியில் மாட்டப் போனது.

"வேணாம்," என்றாள் மரிவிக். "ஹாங்கரையும் எடுத்துக்கிட்டுப் போ."

பின்னால் நெஸ்தோர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாணமாகி இருபத்துமூணு வருஷம். எனக்கே ஒண்ணு தந்ததில்லை," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

ஃபாபியான் ஹாங்கரில் நைட்டியைத் திரும்ப மாட்டி, மடிக்காமல், கசங்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மரிவிக் வெறும் கழியை உள்ளே இழுத்துக்கொண்டாள்.